வாசலுக்கு வரும் தாதி

ஊரில் பிள்ளை பிறந்த வீட்டுக்கு யாரும் சொல்லியனுப்பாமலே வந்துவிடுபவர் குடும்பநல மாது. சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு, தொப்புள் காய்ந்துவிட்டதா, பால் போதுமா, தாய்க்குக் காய்ச்சல் ஏதும் உண்டா என்று விசாரிப்பார். கிழவிமாரின் காயச் சரக்கு விஷயத்தில் அவருக்கும் அவர்களுக்கும் சின்னச் சண்டையும் நடக்கும். நாம் அதை ஒரு சேவையாக எண்ணியதேயில்லை. தபால்காரர் வருவதுபோல அவரும் வருவார், அவ்வளவுதான்.

நியூ ஜேர்சியில் பிள்ளை பெற்றபோதுதான் அவர் வராதது உறைத்தது. இரண்டு நாளில் ஆஸ்பத்திரியால் வெளிக்கிட வேண்டும். (அந்த இரண்டு நாளை உறுதிப்படுத்தவே 1995இல் மாநிலமும் 1996இல் மத்திய அரசும் சட்டம் போடவேண்டியிருந்தது. அதற்கு முன் பல காப்புறுதிக் கம்பனிகள் ஒரு நாளுடன் கணக்கை முடித்துவிடும்.) தாயை டாக்டர் மீண்டும் பார்ப்பது வழக்கமாக ஆறு வாரம் கழித்து. ஊரிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டால் விசா கிடைக்காது. கணவன் வேலைக்குப் போனபின் மூன்றாம் மாடி அபார்ட்மென்டில் அழுகிற பிள்ளையும் கூடவே அழுகிற தாயும். தொலைபேசியில் யார் கேட்டாலும் "சுகமாய் இருக்கிறம்" என்றுதான் சொல்வோம்.

இந்த நாட்டுக்கு அப்படியொரு வழக்கமே தெரியாது என்று நெடுநாள் நினைத்திருந்தோம். அது தவறு. 1893இலேயே நியூயோர்க்கின் லோவர் ஈஸ்ட் சைட்டில், குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த மாடிக் குடியிருப்புகளுக்குப் படியேறிப் போனவர் லில்லியன் வால்ட் என்ற தாதி. ஹென்றி ஸ்ட்ரீட்டில் அவர் வளர்த்த அமைப்பு பின்னர் பெரிதாகியது. 1921இல் ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் வந்து, தாய் சேய் நலத்துக்காக மாநிலங்களுக்கு மத்திய அரசின் பணம் கிடைத்தது. தாதிமார் வீடுவீடாகப் போனார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கம் இதைக் கடுமையாக எதிர்த்தது. 1929இல் பணம் நின்றது.

வேடிக்கை என்னவென்றால், இடையில் 1926இல் இலங்கையின் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியபோது அதற்கு உதவியது நியூயோர்க்கின் ரொக்கபெல்லர் அறக்கட்டளை. அமெரிக்கா கைவிட்டதை இலங்கை கைவிடவில்லை. பிரிவுகள் பெருகின, ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒரு மாது என்பது கணக்காயிற்று. 1930இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்த தீவில், 1950களின் தொடக்கத்தில் அது 600க்கும் கீழே வந்தது. மலேரியாக் கட்டுப்பாட்டுக்கும் இலவச வைத்தியத்துக்கும் இதில் பெரும் பங்குண்டு. ஆனாலும் வீட்டுப் படியேறிய அந்தப் பெண்களை விட்டுவிட்டு இக்கதையைச் சொல்ல முடியாது. எல்லார் படியும் ஏறினார்கள் என்றும் சொல்லமாட்டோம். மலையகத் தோட்டத்து லயன்களுக்கு இச்சேவை வெகு பிந்தியே போனது. யுத்த காலத்தில் வடக்கில் எத்தனையோ மாதுகளின் இடங்கள் வெறுமையாகக் கிடந்தன.

நியூ ஜேர்சி விழித்துக்கொண்டது 2021 ஜூலையில். கறுப்பினத் தாய்மார் வெள்ளையினத் தாய்மாரைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு இறக்கிறார்கள் என்று மாநில அரசே ஒப்புக்கொண்டிருந்த காலம். பிள்ளை பிறந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு தாதி வீட்டுக்கு வரவேண்டும், செலவில்லை என்று ஆளுநர் பில் மேர்பி கையெழுத்திட்ட சட்டம் சொன்னது. 2024 ஜனவரியில் ஐந்து கவுண்டிகளில் வேலை தொடங்கியது. எடிசனும் இசெலினும் அடங்கிய, நம்மவர்கள் நிறைந்த மிடில்செக்ஸ் அவற்றில் ஒன்று. வருமானமோ காப்புறுதியோ குடிவரவு நிலையோ தடையில்லை. பிள்ளையைத் தத்தெடுத்தவர்களுக்கும், பிள்ளை இறந்து பிறந்த வீடுகளுக்கும்கூட வருகிறார்கள். இந்தக் கடைசி ஏற்பாட்டை யோசித்தவரை நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

ஆனால் கதவைத் தட்டுகிற சீருடை என்றால் நமக்கு வேறு ஞாபகம். ஒரு தாய் எங்களிடம் முதலில் கேட்டது, பாஸ்போர்ட் பார்ப்பார்களா என்று. இல்லை என்றோம். பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களா? இல்லை; பிள்ளையை நிறுப்பார்கள், உங்களுக்குப் பிரஷர் பார்ப்பார்கள், மனம் எப்படியிருக்கிறது என்று கேட்பார்கள். விருப்பமில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லலாம்.

கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீடு கூட்டாமல் கிடக்கே" என்றாள்.