தோழமைக்கு மதிப்பெண்ணா?

மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்தில், நீலாய்க்கும் சிரம்பானுக்கும் இடையே இரயில் நிற்கும் ஊர் லாபு. சுற்றிலும் தோட்டங்கள், அன்று இரப்பர், பின்னர் செம்பனை. மலாய்த் தோட்டங்களுக்குத் தமிழ் மக்களைக் கப்பலேற்றி அழைத்து வந்த கங்காணி அந்நியன் அல்லன். ஊரான், உறவினன் என்று நம்பியே அவன் பின்னால் பலர் புறப்பட்டனர். அந்த நம்பிக்கைக்கு விலையும் இருந்தது. அவன் அழைத்து வந்த ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும், தலைக்கு இவ்வளவு என்று கங்காணியின் கையில் காசு விழுந்தது. 1938-இல் இந்திய அரசு கூலியாட்கள் மலேயாவுக்குச் செல்வதைத் தடுத்த பின்னரே அம்முறை ஒழிந்தது.

அம்மக்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில் பயணம் கணினித் திரைக்குள் நடக்கிறது. மாய உலகம், வாள், மந்திரம், உடன்வரும் தோழர்கள்! வெறும் பொழுதுபோக்கு என்று பெரியவர்கள் தள்ளிவிடுகிறார்கள். நாம் அப்படித் தள்ளுவதற்கில்லை. அறம் எது என்று ஆடுகிறவனையே கேட்கும் ஆட்டங்கள் இவை. இவற்றுக்கு ஒரு சரித்திரமும் உண்டு.

நம் பரமபதத்தில் ஏணி புண்ணியம், பாம்பு பாவம். ஏறுவதும் இறங்குவதும் யார் செயல்? தாயக்கட்டையின் செயல்! ஒரு பாவமும் அறியாதவனையும் பாம்பு விழுங்கும். தலைவிதிக்கு இதைவிடத் தக்க பாடப்புத்தகம் வேண்டுமோ? 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்திலும் பகடை உண்டு. ஆயினும் தான் என்ன செய்யப்போகிறான் என்பதை ஆடுகிறவன் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

1985-இல் ரிச்சர்டு கேரியட் ஆக்கிய ‘அல்டிமா 4’ என்னும் கணினி ஆட்டத்திலோ, இறுதியில் கொல்லவேண்டிய அரக்கனே இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி முதலிய எட்டுப் பண்புகளில் தேற வேண்டும், தேறியவன் ‘அவதார்’. கடவுள் இறங்கி வருவதைக் குறித்த நம் நாட்டுச் சொல், அங்கே மனிதன் உயர்வதைக் குறித்தது! மூலிகை விற்பவர் கண் தெரியாதவர். விலையை எண்ணி வைப்பவன் வாங்குகிறவனே. குறைத்து வைத்தால் தடுப்பாரில்லை; பண்புக் கணக்கு மட்டும் மறைவாகக் குறைகிறது.

1998-இல் கனடாவின் பயோவேர் நிறுவனம் ஆக்கிய ‘பால்டர்ஸ் கேட்’ ஆட்டத்தில் தோழர்களே நீதிபதிகள். தலைவன் கெட்டபெயர் எடுத்தால் நல்லவர் விலகிப் போவர். நற்பெயர் மிகுந்தால் தீயவர் விலகிப் போவர். இதை நாம் மெச்சுகிறோம். ஆனால் அதே நிறுவனத்தின் ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ (2009) தோழமையை எண்ணாக்கிக் காட்டியது. பரிசுப்பொருள் கொடுத்தால் எண் ஏறும்! தலைக்கு இவ்வளவு என்ற கங்காணிக் கணக்கு நம் நினைவுக்கு வருவது இங்கேதான். 2023-இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆட்டத்திலும், தோழர் மெச்சினார், மெச்சவில்லை என்ற அறிவிப்பு திரையோரத்தில் தோன்றியபடி இருக்கிறது.

அநீதியின் பக்கம் என்று அறிந்தும் துரியோதனனுக்காக உயிர் கொடுத்தவன் கர்ணன். செஞ்சோற்றுக்கடன் என்று கூத்து மேடையில் அதைப் புகழ்ந்தோம். ஆள் கட்டிக் காத்த கங்காணிக்கு அப்புகழ்ச்சி கசந்திருக்குமா? கர்ணன் கதையை எவரேனும் இத்தகைய ஆட்டமாக அமைப்பாரானால், துரியோதனனை விட்டு விலகும் வழி ஒன்றையும் திறந்து வைக்கட்டும். விலகினால் எத்தனை எண் குறையும் என்பதை மட்டும் திரையில் காட்ட வேண்டாம்.