போதையை விட்டால் கிஃப்ட் கார்டு! கலிபோர்னியாவின் திட்டம் என்ன?

ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு போதையிலிருந்து மீள மெத்தடோன், பியூப்ரினார்ஃபின் என மருந்துகள் உண்டு. ஆனால் 'மெத்', கோகைன் போன்ற ஊக்க போதைப்பொருட்களுக்கு அடிமையானால்? அமெரிக்காவில் அதற்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இல்லை.

அதனால்தான் கலிபோர்னியா 2023-ல் இந்த முறையைக் கையில் எடுத்தது. சிகிச்சை மொத்தம் 24 வாரம். முதல் 12 வாரம், வாரத்துக்கு இரண்டு முறை சிறுநீர் பரிசோதனை. ஊக்க போதை இல்லை என்று ரிசல்ட் வந்தால் 10 டாலர் கிஃப்ட் கார்டு. ஒரு வாரம் முழுக்க இப்படியே வந்தால் தொகை 1.50 டாலர் ஏறும். தவறினால் திட்டு கிடையாது. மறுபடி 10 டாலரிலிருந்து தொடங்கணும், அவ்வளவுதான். அதிகபட்சம் 599 டாலர். மது, சிகரெட், லாட்டரி வாங்க முடியாது.

"காசு கொடுத்தா விட்டுடுவாங்களா?" என்று கேட்கலாம். போதை தரும் உடனடி சுகத்துக்கு எதிராக இன்னொரு உடனடி பரிசு, இதுதான் கணக்கு. ஏழைகளுக்கான மெடிகெய்டு காப்பீட்டில் இதற்கு அனுமதி வாங்கிய முதல் மாநிலம் இதுதான்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. மெத்தில் ஃபென்டனில் கலந்திருந்தால், அது தெரியாமலே எடுப்பவருக்கு மூச்சு நின்றுபோகலாம். அப்போது கைகொடுப்பது நலாக்சோன் மூக்கு ஸ்பிரே. மாநில அரசின் திட்டத்தில் இரண்டு டோஸ் 24 டாலர். ஆனால் அது ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகளை மட்டுமே முறிக்கும், மெத்தை அல்ல.