இமாம் கஸ்ஸாலியின் தொண்டையில் இறங்காத உணவு

ஹிஜ்ரி 488, ரஜப் மாதம் (கி.பி. 1095). பக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவின் பேராசிரியர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்குப் பாடம் நடத்த நா எழவில்லை. ஒரு கவளம் செரிக்கவில்லை. ஒரு மிடறு நீரும் தொண்டையில் இறங்கவில்லை.

காரணத்தை இமாமவர்களே 'அல்முன்கித் மினள் ளலால்' நூலில் பதிவு செய்துள்ளார்கள். தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா எனத் தம் நிய்யத்தை விசாரித்தார்கள். புகழாசையே தூண்டுகோல் எனக் கண்டார்கள். பதவியைத் துறக்கவும் தொடரவும் இயலாமல் ஏறத்தாழ ஆறு மாதம் உள்ளம் அலைக்கழிந்தது. நோய் உள்ளத்திலிருந்து உடலுக்கு இறங்கியது என்று கூறி மருத்துவர்கள் நம்பிக்கை இழந்தனர். பின்னர் அல்லாஹ்விடம் முறையிட்டு, பதவியைத் துறந்து, துல்கஃதாவில் ஷாம் நோக்கிப் புறப்பட்டார்கள்.

இமாமவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் முஹாஸபா எனும் சுயவிசாரணைக்கும் ஒரு பாகம் உண்டு; வயிற்றின் இச்சைக்கும் ஒரு பாகம் உண்டு. பசியின் சிறப்பை விரிவாகப் பேசியவர்கள், வயிற்றின் கனமும் பசியின் வேதனையும் உணராத நடுநிலையையே இறுதி இலக்காக வைத்தார்கள். இடைவிடாது நோன்பு நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் உரிமை உண்டென நபி (ஸல்) அவர்கள் முன்பே உணர்த்தியிருந்தார்கள்.

ஆகவே, முஹாஸபா என்பது செயலை எடைபோடுவது, உடலை வெறுப்பதன்று. நம் பிள்ளைகளுள் ஒருவர் தம்மையே இகழ்ந்து உணவை ஒதுக்கினால், நோன்பென்று சொல்லி அதை மறைத்தால், நாம் அதைப் பேணுதல் எனப் பாராட்டிவிடலாகாது. கனிவோடு கேட்போம், மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அந்த உடலும் அல்லாஹ்வின் அமானிதமே.