கதவைத் தட்டுவது யார்?

வீட்டு வாசலில் மாட்டும் கேமராவைப் பெற்றெடுத்தவர் ஒரு நர்ஸ். நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில், ஜமைக்கா என்ற பேட்டையில் குடியிருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன். கறுப்பினப் பெண். கணவர் ஆல்பர்ட் எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். இருவருக்கும் நேரங்கெட்ட நேரத்தில் வேலை. மேரி வீட்டில் தனியாக இருக்கும் இரவுகள் நிறைய. அக்கம்பக்கத்தில் குற்றங்கள் கூடிவந்தன. கூப்பிட்டால் போலீஸ் வந்துசேரத் தாமதமானது. ராத்திரியில் யாராவது தட்டினால் எழுந்துபோய்க் கதவுத் துளையில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கதவருகே போவதற்குத்தான் பயம்.

தனக்குப் பதிலாக ஒரு டிவி கேமரா அங்கே நிற்கட்டுமே என்று மேரி யோசித்தார். கண்காணிப்பு டிவி அதற்கு முன்பே உண்டு. வி-2 ராக்கெட் கிளம்புவதை ஜெர்மானியர்கள் போர்க்காலத்திலேயே அப்படித்தான் எட்ட இருந்து பார்த்தார்கள். பிரவுன் தம்பதி அதை வீட்டுக்காக வடிவமைத்தார்கள். கதவில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு துளைகள். நெட்டை ஆளுக்கு உச்சித் துளை, சின்னப் பிள்ளைக்கு அடித் துளை. உள்ளே ஒரு கேமரா ஏறி இறங்கி ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்க்கும். படம் படுக்கையறை டிவியில் தெரியும். கட்டிலில் இருந்தபடியே வந்தவரோடு பேசலாம். தெரிந்தவர் என்றால் ஒரு பொத்தானில் பூட்டைத் திறக்கலாம். சந்தேகம் என்றால் இன்னொரு பொத்தானில் உதவி கேட்கலாம். 1966 ஆகஸ்ட் 1 அன்று விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பர் 2 அன்று 3,482,037 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. மேரியின் பெயர்தான் முதலில். இன்று ‘வீடியோ டோர் போன்’ என்று விற்கிறார்களே, அதில் முக்கால்வாசி அந்தத் தாளிலேயே இருக்கிறது.

படம் வீட்டை விட்டு வெளியே போனது பிற்பாடு. அதற்குக் காரணம், நம்புங்கள், காபி. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினித் துறையினர், பாத்திரத்தில் காபி மிச்சம் இருக்கிறதா என்று இருந்த இடத்திலேயே பார்க்க ஒரு கேமராவை வைத்து நெட்வொர்க்கில் இணைத்தார்கள். 1993இல் அது இணையத்துக்கே வந்து, உலகம் முழுக்க அந்தப் பாத்திரத்தைப் பார்த்தது. 1996இல் ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் நெட்வொர்க் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003இல் ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் போவதற்குப் பொதுத் தரம் வந்தது; பிஓஇ என்று கடைக்காரர் சொல்வது அதைத்தான்.

மலையடிவார ஊரான கெங்குவார்பட்டியில் வாசலுக்கு ஒன்றும் மாந்தோப்பு மோட்டார் ரூமுக்கு ஒன்றும் மாட்ட நினைப்பவர் மெகாபிக்சலைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த நான்கு துளைகளை நினைக்க வேண்டும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டிய கேமராவுக்குத் திருடனின் உச்சந்தலைதான் தெரியும். முகம் விழும் உயரத்திலும் ஒன்று வேண்டும். வாசலுக்கு வைஃபையைவிட பிஓஇ கேபிளே நம்பகம். ஆனால் அந்தக் கேபிள் 100 மீட்டர் வரைதான். தோப்பு அதற்கு அப்பால் என்றால் ஃபைபர் இழுங்கள். கோடை இடி மலையடிவாரத்தில் இறங்கும்போது நீளச் செம்புக் கம்பி மின்னலை வீட்டுக்குள் கூட்டிவரும், கண்ணாடி இழை கூட்டிவராது. ரெக்கார்டர், ஸ்விட்ச், ரவுட்டர் மூன்றுக்கும் யுபிஎஸ் கொடுங்கள். கரண்ட் போனதும் கண்ணை மூடிக்கொள்ளும் கேமராவால் யாருக்கு லாபம்?

ரெக்கார்டர் எத்தனை நாள் காட்சியை வைத்திருக்கிறது என்பதையும் நீங்களே பாருங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் கேமராவும் இருந்தது, 1 டெராபைட் டிஸ்க்கும் இருந்தது. தினமும் தானாக அழியும்படி செட்டிங் இருந்ததை, தந்தை–மகன் காவல் மரணத்தை விசாரித்த மாஜிஸ்திரேட் உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார்.

மேரி வரைந்த கேமராவின் படம் அவர் கட்டிலுக்குப் போனது. நம்முடையது எங்கெங்கோ போகிறது. 2016இல் மிராய் என்ற நச்சு நிரல், கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டு மாறாமல் கிடந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் உலகம் முழுக்கப் பிடித்து, அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்களைத் தடுமாற வைத்தது. அந்த வீட்டுக்காரர்கள் பலருக்குத் தங்கள் கேமரா செய்த காரியம் தெரியாது.

ஆகவே எதிர்வீட்டு வாசலும் தெருக்குழாயும் படத்தில் விழாமல் திருப்பி வையுங்கள். மாட்ட வந்த தம்பி ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்புமுன் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.