பாலாறு, குரோமியம், ஒரு எண்ணின் கதை

ஒரு லிட்டர் தண்ணீரில் 0.05 மில்லிகிராம். குடிநீரில் ஆறு இணைதிறன் குரோமியம் இதற்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1958-ல் சொன்னது. இந்தியக் குடிநீர்த் தரமும் மொத்த குரோமியத்துக்கு இதே எண்ணைத்தான் வைத்திருக்கிறது. சரி, ஆற்றுக்கு என்ன அளவு?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. 1974-ல் நீர் மாசு தடுப்புச் சட்டம் வந்தது. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகளில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு வரம்பு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் மொத்த குரோமியம். குடிநீர் அளவைப் போல 40 மடங்கு! ஆற்றில் கலந்தால் நீர்த்துப் போய்விடும் என்பது கணக்கு. ஆனால் பாலாற்றில் வருடத்தின் பெரும்பகுதி மணல்தானே இருக்கிறது? நீர்த்துப் போக நீர் வேண்டாமா?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறுகளை 'ஏ' முதல் 'ஈ' வரை தரம் பிரிக்கிறது. அந்தப் பட்டியலில் ஆக்சிஜன் உண்டு, கிருமி உண்டு. குரோமியம், ஈயம், பாதரசம் இல்லை. 1982-ல் வந்த இந்தியத் தர நிர்ணயம் ஒன்றில் இவற்றுக்கு அளவு இருந்தும், ஆற்றுக்கு 'நல்ல ஆறு' சான்று தருவது அந்தச் சின்னப் பட்டியல்தான்.

அளப்பதிலும் ஒரு கேள்வி. அமெரிக்கா 1993-ல், நீர்வாழ் உயிர்களுக்கான வரம்பை வடிகட்டிய நீரில் கரைந்திருக்கும் உலோகத்தை வைத்து அளக்கலாம் என்று மாறியது. மீனின் உடலில் ஏறுவது பெரும்பாலும் அதுதான். ஆனால் தோல் பதனிடும் குரோமியத்தில் பெரும்பங்கு சேற்றில் படிந்துவிடும். நீரை மட்டும் பார்த்தால் பாதிக் கணக்கு விட்டுப்போகும்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதி மக்களுக்காக 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனதாக ஆய்வு சொன்னது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். பிரச்சினை தீர்ந்ததா? 2025 ஜனவரி 30-ல் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் குழு அமைக்க உத்தரவிட வேண்டி வந்தது!

புதுச்சேரிக்கும் இதில் பாடம் இருக்கிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. அந்த ஆறு கர்நாடகத்தில் பிறந்து, தமிழகத்தைக் கடந்து வருகிறது. மேலே ஒருவர் விடுகிற 2 மில்லிகிராம், கீழே இன்னொருவர் வயலில் வரவு வைக்கப்படும். வரம்பைக் குழாயின் வாயில் மட்டும் வைத்தால் போதாது, ஆற்றிலும் வைக்க வேண்டும்.