பாஸ்வேர்டு திரும்பி வந்தா போதுங்களா? - களவு போன மின்னஞ்சல்களின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டம்ளர் காப்பியோட உட்கார்ந்துக்கோங்க.

2019 ஏப்ரல் 19. உச்சநீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம்.லோதாவுக்கு நடுராத்திரி தாண்டி ஒரு மெயில். (கிரிக்கெட் வாரியத்தைச் சீர்திருத்த கமிட்டி போட்டாங்களே, அதே லோதா தான்.) அனுப்பினது அவரோட பழைய சகா, உச்சநீதிமன்ற முன்னாள் நீதிபதி பி.பி.சிங். அவசரமா ஒரு உதவி வேணும், ஆனா போன்ல என்னைப் பிடிக்க முடியாதுன்னு எழுதியிருந்தது. இவர் பதில் போட்டார். சொந்தக்காரர் ஒருத்தரோட வைத்தியத்துக்குப் பணம் வேணும்னு அடுத்த மெயில் வந்தது. நண்பர் கேட்கிறாரேன்னு லோதா ரெண்டு தடவையா மொத்தம் 1 லட்சம் ரூபாய் அனுப்பிட்டார்.

மே 30ஆம் தேதி தான் விஷயம் தெரிஞ்சது. அன்னைக்குத் தான் சிங்கோட மெயில் கணக்கு அவர் கைக்குத் திரும்பி வந்தது. ஏப்ரல்லயே என் கணக்கைக் களவாண்டுட்டாங்கன்னு அவர் எல்லாருக்கும் எழுதினப்புறம் லோதாவுக்குப் புரிஞ்சது. டெல்லி மாளவியா நகர் போலீஸ் ஸ்டேஷன்ல புகார் கொடுத்தார்.

நடுவுல 40 நாளுக்கு மேல ஓடிப்போச்சு பாருங்க. இந்தப் பதிவே அந்த 40 நாளைப் பத்தினது தான்.

ஜெருசலேம் கடிதம்

கடிதம் எழுதிப் பணம் பறிக்கிறது புதுசு இல்லீங்க. திருடனா இருந்து துப்பறிவாளர் ஆன பிரான்ஸ்காரர் விடோக், 'ஜெருசலேம் கடிதம்'னு ஒரு மோசடியைப் பத்தி 1830களிலேயே எழுதியிருக்கார். ஜெயில்ல இருக்கிற ஆளு ஊர்ல இருக்கிற பணக்காரங்களுக்குக் கடுதாசி போடுவான். என் எஜமானோட நகைப்பெட்டி ஒரு இடத்துல ஒளிச்சுக் கிடக்கு, எடுக்கணும்னா செலவுக்குக் கொஞ்சம் பணம் அனுப்புங்கன்னு கதை விடுவான். நூறு கடுதாசி போட்டா இருபதுக்குப் பதில் வரும்கிறது விடோக் சொல்ற கணக்கு.

அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள இதுவே 'ஸ்பெயின் கைதி'ங்கிற பேர்ல அமெரிக்கா வரைக்கும் போயிடுச்சு. நம்ம காலத்துல நைஜீரியா இளவரசர் மெயிலா வந்தது. அதை '419'னு சொல்றது நைஜீரியக் குற்றச் சட்டத்தோட 419ஆம் பிரிவை வச்சு. நம்ம பழைய இந்திய தண்டனைச் சட்டத்துலயும் ஆள்மாறாட்ட மோசடிக்குத் தண்டனை சொன்ன பிரிவு அதே 419 தான். தற்செயல் தான், ஆனா நல்ல பொருத்தம் :-)

இதுல எல்லாம் கடிதம் எழுதறது முன்பின் தெரியாதவன். அதனால தான் நூறுல எண்பது பேர் கிழிச்சுப் போட்டாங்க. எழுதறது தெரிஞ்சவரா இருந்தா கிழிப்போமா?

அந்நியன் நண்பனான கதை

1996 ஜூலையில ஹாட்மெயில் வந்தது. மெயில் பெட்டி வீட்டுக் கம்ப்யூட்டரை விட்டு இணையத்துக்குக் குடி போச்சு. ப்ரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து உலகத்துல எங்கிருந்தும் திறக்கலாம். நமக்கு வசதி, திருடனுக்கும் வசதி.

பாஸ்வேர்டு மறந்தா? அதுக்குத் தான் 'ரகசியக் கேள்வி' வச்சாங்க. 2008 செப்டம்பர்ல அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினோட யாஹூ மெயிலை ஒரு கல்லூரி மாணவன் திறந்தது இந்த வழியா தான். பிறந்த தேதி, பின்கோடு, கணவரை முதல்ல எங்கே பார்த்தீங்க... எல்லாப் பதிலும் இணையத்துலயே கிடைச்சது. பெரிய தொழில்நுட்பம் ஒண்ணும் இல்லை.

நம்ம பெருந்துறைப் பக்கம் நினைச்சுப் பாருங்க. படிச்ச பள்ளிக்கூடம், அம்மா பிறந்த ஊரு எல்லாம் தெருவுக்கே தெரியும். குலதெய்வத்தைக் கேள்வியா வச்சா என்ன கூட்டம்னு தெரிஞ்சவன் பதிலைச் சொல்லிடுவான்!

2009 பிப்ரவரியில பிரிட்டன் நீதித்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ராவோட ஹாட்மெயில் கணக்கு போச்சு. நைஜீரியாவுல பர்ஸைத் தொலைச்சுட்டேன், 3000 டாலர் அனுப்புங்கன்னு அவர் பேர்ல நூத்துக்கணக்கான பேருக்கு மெயில் போனது. 2011ல அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ஃபேலோஸோட மனைவிக்கும் இதே கதை தான். மாட்ரிட்ல வழிப்பறி நடந்துடுச்சுன்னு அவங்க நண்பர்களுக்கெல்லாம் மெயில். போதாக்குறைக்குப் பெட்டியில இருந்த ஆறு வருஷத்துக் கடிதங்களையும் அழிச்சுட்டாங்க. கடைசியில கூகிள் மீட்டுக் கொடுத்தது. கூகிள் ரெண்டு கட்டச் சரிபார்ப்பை எல்லாருக்கும் திறந்துவிட்டதும் அதே 2011ல தான்.

விடோக் காலத்துக் கைதிக்குக் கிடைக்காதது இந்தத் திருடனுக்குக் கிடைச்சது. அடுத்தவரோட பேரு, அவர் எழுதற தோரணை, அவரை நம்பற ஆட்களோட பட்டியல், மூணும் ஒரே பாஸ்வேர்டுக்குள்ள.

மீட்டப்புறம் என்ன மிச்சம்?

நம்மள்ல பாதிப் பேர் பாஸ்வேர்டு மாத்திட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். உள்ளே புகுந்தவன் அப்படி விட்டுட்டுப் போறதில்லை. வர்ற மெயிலை எல்லாம் தனக்குத் திருப்பிவிட ஒரு அமைப்பை வச்சுடுவான். 'நீதானாப்பா இது?'ன்னு நண்பர் கேட்கிற பதில் உங்க கண்ணுல படாம குப்பைக்குப் போக ஒரு ஃபில்டர் போடுவான். மீட்பு மெயிலையும் போன் நம்பரையும் தன்னோடதா மாத்துவான். ஒரே ஒரு எழுத்து மாறின இன்னொரு முகவரியைத் தொடங்கி, உங்க நண்பர்களோட அங்கிருந்து பேச்சைத் தொடர்வான். அப்போ கணக்கு உங்ககிட்டத் திரும்பினாலும் அவன் கடை நடந்துட்டே இருக்கும்.

அதனால பாஸ்வேர்டு மாத்தின கையோட இதையும் செய்யுங்க. எல்லாக் கருவியில இருந்தும் வெளியேத்துங்க. ஃபார்வர்டு, ஃபில்டர், மீட்பு விவரம் மூணையும் திறந்து பாருங்க. ரெண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்க. பிளாக்கர்ல எழுதற சக பதிவர்களுக்கு இன்னொரு சங்கதி: உங்க பதிவோட சாவியும் அதே கூகிள் கணக்கு தான்.

ஆனா இதெல்லாம் ரெண்டாவது வேலைங்க. முதல் வேலை போனை எடுக்கிறது.

கணக்குப் போச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே, அது திரும்பி வரும்வரை காத்திருக்காம, பத்துப் பேருக்குப் போன் போட்டு 'என் பேர்ல பணம் கேட்டா கொடுக்காதீங்க'ன்னு சொல்றது தான் மீட்பு. மெயில் போனாலும் குரல் நம்மகிட்ட தானே இருக்கு? டெல்லி திருடனுக்கும் அது தெரிஞ்சிருக்கு. அதனால தான் 'போன்ல பிடிக்க முடியாது'ன்னு முதல் மெயில்லயே எழுதிட்டான்.

சொல்ல ஏன் தயங்கறோம்? வெட்கம். 'இத்தனை படிச்சும் ஏமாந்துட்டானா'ன்னு ஊரு சிரிக்குமோன்னு பயம். பெருந்துறைங்கிற பேரு 2012ல தமிழ்நாடு முழுக்க அடிபட்டது ஈமு கோழியால. அங்கே விளம்பரத்துல தெரிஞ்ச முகங்களைக் காட்டி நம்ப வச்சாங்க. இங்கே உங்க முகத்தையே காட்டறாங்க. நீங்க வெட்கப்பட்டு வாய் மூடியிருக்கிற ஒவ்வொரு நாளும் உங்க மச்சானோ, பங்காளியோ, கூடப் படிச்சவரோ உங்களை நம்பிப் பணம் அனுப்பலாம்.

நாட்டோட தலைமை நீதிபதியா இருந்தவரே ஸ்டேஷனுக்குப் போய் 'நான் ஏமாந்துட்டேன்'னு எழுதிக் கொடுத்திருக்கார். அவரை விட நம்ம மானம் பெருசா என்ன?

டிஸ்கி: 2019ல லோதாவுக்கு இல்லாத ஒண்ணு இப்போ நமக்கு இருக்கு. பணம் போன உடனே 1930க்குப் போன் பண்ணுங்க. சீக்கிரம் சொன்னா பணம் கை மாறறதுக்கு முன்னாடியே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அடுத்தவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தறதுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 66சி, கம்ப்யூட்டர் வழியா ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்தறதுக்கு 66டி. ரெண்டுக்கும் மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு. உங்களுக்குத் தெரிஞ்ச கதைகளைப் பின்னூட்டத்துல சொல்லுங்க, பேரு வேண்டாம் :-)