எலிக்கு உங்கள் வயல் மனப்பாடம்: கதிர் வருமுன் கட்டுப்படுத்துங்கள்

காலாப்பட்டுப் பகுதி நெல் விவசாயிகளே, தூர்கள் வெட்டுப்பட்டுக் கிடப்பதைப் பார்த்த பிறகு கிட்டி தேடுகிறீர்களா? அதற்குள் எலி உங்கள் வயலை முழுதும் படித்து முடித்திருக்கும்.

1930-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டோல்மன், ஹான்சிக் என்ற இருவர் ஓர் ஆய்வு செய்தனர். சில எலிகளைப் பத்து நாள் இரை வைக்காமல் சிக்கலான பாதைகளில் சுற்றவிட்டனர். அவை சும்மா திரிவது போலத்தான் தெரிந்தது. 11-ம் நாள் இரை வைத்தார்கள். மறுநாளே, முதல் நாளிலிருந்து இரை பெற்ற எலிகளுக்கு இணையாக அவை வழி தவறாமல் ஓடின. இரை இல்லாதபோதே பாதை மனதில் பதிந்துவிட்டது. இடத்தை அறியும் மூளைச் செல்களை எலிகளில் கண்டறிந்த மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வயலிலும் இதுதான் நடக்கிறது. கதிர் இல்லாத நாட்களிலேயே வரப்பு, வளை, மறைவு எல்லாம் எலிக்குப் பழகிவிடுகிறது.

என்ன செய்யலாம்?

• பொதிப் பருவத்துக்கு முன்பே தொடங்குங்கள். வரப்புகளைக் குறுகலாக அமைத்து, புல் பூண்டுகளை அகற்றுங்கள்.

• மாலையில் வளைகளை மண்ணால் மூடுங்கள். காலையில் திறந்திருக்கும் வளையில்தான் எலி இருக்கிறது.

• தஞ்சாவூர் கிட்டியை வயல் நடுவில் வைக்காதீர்கள். எலி தினமும் ஓடும் வரப்போரத் தடத்தில் வையுங்கள்.

• புதுப் பொருளைக் கண்டால் எலி தயங்கும். துத்தநாக பாஸ்பைடு வைப்பதானால், முதல் 2–3 நாட்கள் அதே இடத்தில் வெறும் பொரி வைத்துப் பழக்குங்கள். குறைவாகத் தின்று பிழைத்த எலி மறுபடி அந்த இரையைத் தொடாது. புரோமாடியோலோன் மெதுவாக வேலை செய்வதால் இந்தச் சிக்கல் குறைவு.

• விஷ இரை வைக்குமுன் வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். குழந்தைகள், ஆடு மாடுகள், கோழிகள் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். செத்த எலிகளைப் புதைத்துவிடுங்கள்.

• இரவில் ஆந்தை உட்கார 'டி' வடிவக் குச்சிகளை நடுங்கள். விஷ இரை வைக்கும் நாட்களில் இவை வேண்டாம்; விஷம் தின்ற எலியைப் பிடிக்கும் ஆந்தையும் சாகும்.

ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்து வயல் எலி காலி வளையில் குடியேறும். ஊர் கூடி ஒரே வாரத்தில் செய்யுங்கள். கதிர் உங்கள் களத்துக்கு வந்து சேரும்.